முள் இரண்டரையில் நின்ற தராசு

வருடக் கடைசியில் எங்கள் சுகாதாரப் பணிமனையில் பொருட்கணக்கெடுப்பு நடக்கும். எது இருக்கிறது, எது இல்லை, எது இருந்தும் உதவாது என்று பார்த்து மூன்று பிரதிகளில் எழுத வேண்டும். இந்த முறை அந்த வேலை எனக்கும் கணக்குப் பகுதி அக்காவுக்கும் விழுந்தது. களஞ்சிய அறையில் கால் ஒடிந்த கதிரைகளை இழுத்துப் போட்டபோது அடியில் அந்தத் தராசு கிடந்தது. ஆள் ஏறி நின்று நிறை பார்க்கிற தராசு. பச்சைப் பூச்சு உரிந்துவிட்டது. கறுப்பு றப்பர் மிதியில் பாதம் வைக்கும் இடங்கள் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தன. வட்டக் கண்ணாடியின் ஓரத்தில், காயத்துக்கு ஒட்டுகிற வெள்ளைப் பிளாஸ்டர் ஒரு துண்டு. அதில் நீலப் பேனையால் ‘இரண்டரை கழிக்க’ என்று எழுதியிருந்தது. மிஸ்ஸியின் கையெழுத்து. அக்கா பட்டியலில் அதன் இலக்கத்தைத் தேடினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பொதுவாக எனக்கு உடனே ஒன்றும் தோன்றுவதில்லை.

மிஸ்ஸி எங்கள் பிரிவின் மருத்துவமாது, பிரசவம் பார்ப்பவர். கட்டை உருவம், வற்றிய உடம்பு, அதற்குள் எப்படி அடங்கியது என்று தெரியாத பெரிய குரல். கல்முனைக்குடியில் பாதிப் பிள்ளைகள் அவர் நிறை பார்த்து வளர்ந்தவர்கள். ஸ்கூட்டரில் அவர் வந்தால் தெருவில் தாய்மார் தாங்களாகவே பிள்ளையின் நிறை அட்டையைத் தேடத் தொடங்குவார்கள். ஒருவரைப் பார்த்த பார்வையிலேயே நிறை சொல்லிவிடுவார். அரைக் கிலோ முன்பின்னாக இருக்கும், அவ்வளவுதான். கலியாண வீட்டில் மணப்பெண் மேடையேறும்போது பக்கத்தில் இருப்பவரின் காதில், “அம்பத்திநாலு இரிப்பா, உடுப்போட அறுபது” என்பார். தோற்பது அவருக்குப் பிடிக்காது. மதிய இடைவேளையில் கேரம் விளையாடித் தோற்றாலும் அன்று பின்னேரம் வரை யாருடனும் முகம் கொடுத்துக் கதைக்க மாட்டார்.

நான் அதே பணிமனையில் கோப்பும் கடிதமும் பார்க்கும் லிகிதர். கர்ப்பமாயிருந்தபோது மாதம் ஒரு தடவை கிளினிக் அறைக்குப் போய் இதே தராசில் ஏறினேன். அப்போதே அதன் முள் பூச்சியத்துக்கு வராது. யாரும் ஏறாமலே இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் நின்றுகொண்டிருக்கும். புதிய தராசு கேட்டு நானே நான்கு கடிதம் அடித்திருக்கிறேன். பதில் வரவில்லை. மிஸ்ஸி மனதுக்குள் இரண்டரையைக் கழித்துவிட்டு அட்டையில் எழுதுவார். அறுபத்திரண்டில் தொடங்கிய நான் கடைசி மாதம் எழுபத்தெட்டுக்கு வந்தேன். ஒவ்வொரு கிலோவுக்கும் அவர் ஒரு மார்க் போட்டதுபோல் தலையாட்டினார்.

பிள்ளை இறந்து பிறந்தது. ஆண் பிள்ளை. கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. யாரிலும் பிழை இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் அதை நம்பினேன். நம்பியதால் ஒன்றும் ஆகவில்லை. லீவில் இருந்த மிஸ்ஸி அன்று ஆசுபத்திரிக்கு வந்து, கெஞ்சி அனுமதி எடுத்து, என் தலைமாட்டில் நின்றார். “மூச்ச எடு. புடி. இப்ப முக்கு” என்று அவர் சொல்லச் சொல்ல நான் செய்தேன். கடைசி முக்கலுக்குப் பிறகு அறையில் ஒரு சத்தம் வரவேண்டும். எல்லோரும் அதற்காகக் காத்திருந்தோம். பிறகு யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்தார்கள். ஆசுபத்திரிப் பேப்பரில் பிள்ளையின் நிறை இரண்டு கிலோ ஐந்நூறு என்று எழுதியிருந்தது. வாப்பாவும் என் கணவரும் சேர்ந்து அடக்கிவிட்டு வந்தார்கள். இவர் கட்டிலுக்கடியில் இருந்த தொட்டிலைக் கழற்றி, துணியில் சுற்றி, தம்பி வீட்டுக்குக் கொண்டுபோனார். நான் படுத்திருந்து பார்த்தேன்.

லீவு முடிந்து வேலைக்கு வந்தேன். கோப்புகளை இலக்கப்படி அடுக்கினேன், தேத்தண்ணி குடித்தேன், வீட்டுக்குப் போனேன், சமைத்தேன். அழுகை வரவில்லை. ஆறுதல் சொல்ல வந்தவர்களுக்கு அது ஏமாற்றமாக இருந்தது. உம்மா என்னை ஓதிப் பார்க்கக் கூட்டிக்கொண்டு போனா. ஓதிய தண்ணீரையும் குடித்தேன். பல்லுப் பிடுங்கப் போனால் விறைப்பதற்கு ஊசி போடுவார்களே, அந்த மாதிரி. கன்னம் இருப்பது தெரியும், தொட்டால் யாருடையதோ என்றிருக்கும். அப்படியே நான்கு மாதம் போய் நோன்பும் வந்தது.

அந்த வருடம் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை. சீனி வருத்தமும் பிரஷரும் கூடிவிட்டதால் ஒவ்வொரு பணிமனையிலும் உடற்பயிற்சிக் குழு ஒன்று இருக்க வேண்டும் என்று. மற்ற இடங்களில் குழுவின் பெயர்ப்பட்டியலை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தார்கள். மிஸ்ஸி அப்படி இல்லை. பெருநாளைக்கு நான்கு கிழமை கழித்து மாவட்ட உத்தியோகத்தர்களுக்கு விளையாட்டுப் போட்டி, அதில் பெண்களுக்குக் கயிறிழுத்தல் உண்டு என்று கேள்விப்பட்டதும் எங்கோ போய் ஒரு வடக் கயிற்றை வாங்கிக்கொண்டு வந்தார். பிரஷர் இருந்ததால் அவர் கயிற்றைத் தொடக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அடுத்த வருடம் ஓய்வு. அதனால் இழுக்க முடியாதவரின் முழு ஆவேசமும் எங்கள் தலையில் விழுந்தது. ஏழு பேரைப் பிடித்துவிட்டார். எட்டாவது ஆளுக்காக என் மேசைக்கு வந்து நின்றார்.

“நான் உனக்கு ஒண்டும் சொல்ல வரல்ல புள்ள. கடைசியில நிக்க ஒரு ஆள் வேணும். பாரமான ஆள். வா.”

“எனக்கு ஏலா மிஸ்ஸி.”

“ஏலாட்டி சும்மா நில்லு. உன்ட பாரம் நிண்டாக் காணும்.”

மறுத்துக் கதைப்பதைவிடப் போய் நிற்பது லேசாக இருந்தது. போனேன்.

நோன்பு நாட்களில் பின்னேரம் அசர் தொழுத பிறகு கிளினிக்குக்குப் பின்னால் உள்ள வளவில் பழகினோம். நான்கு பக்கமும் மதில். கேற்றைப் பூட்டி, காவலாளியை முன்பக்கம் அனுப்பிவிடுவார். கயிற்றின் ஒரு நுனியை வேம்பில் கட்டிவிட்டு மரத்தை இழுக்கச் சொல்வார். மரம் வராது என்று தெரிந்தும் எட்டுப் பேரும் இழுப்போம். கடைசி ஆளுக்குக் கயிறு கையில் மட்டும் இருக்காது. கக்கத்துக்குக் கீழே எடுத்து, முதுகில் சாய்வாகப் போட்டு, மற்றத் தோளால் முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். முன்னால் ஏழு பேரின் அசைவும் அந்தக் கயிற்றால் முதுகில் தெரியும். யார் களைத்தாள், யார் கால் வழுக்கினாள், யார் சிரிப்பை அடக்குகிறாள் என்று பார்க்காமலே சொல்லலாம். கணக்குப் பகுதி அக்கா ஏழாவது, எனக்கு முன்னால். அவர் வினாயகபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவர். எங்களில் நோன்பு இல்லாத ஒரே ஆள். ஆனாலும் நாங்கள் குடிக்காமல் இருக்கும்போது தானும் தண்ணீர்ப் போத்தலைத் திறக்க மாட்டார். ஒருநாள் வேம்பிலிருந்து காய்ந்த கொப்பு ஒன்று முறிந்து விழுந்தது. மரத்தை வென்றுவிட்டோம் என்று எல்லோரும் கத்தினார்கள். நான் கத்தவில்லை. ஆனால் மறுநாள் நேரத்தோடு போய் நின்றேன், ஏன் என்று தெரியாமல்.

பெருநாளைக்கு அடுத்த நாள்தான் அந்த விதி தெரியவந்தது. எட்டுப் பேரின் மொத்த நிறை ஐந்நூற்று இருபது கிலோவைத் தாண்டக்கூடாது. மிஸ்ஸி கிளினிக் அறையில் எங்களை வரிசையாக நிறுத்தினார். பிள்ளைக்குப் பிறகு நான் அந்த அறைக்குள் போவது அதுதான் முதல் முறை. எனக்கு முன்னால் நின்றவள் இறங்கியதும் தராசு வெறுமையாக நின்றது. முள் இரண்டரையில் இருந்தது, அந்தப் பேப்பரில் எழுதியிருந்த அதே நிறை. நான் அதைப் பார்த்தேன். மிஸ்ஸியும் என்னைப் பார்த்துவிட்டு அதைப் பார்த்தார். சட்டென்று தன் கைக்குட்டை லேஞ்சியை எடுத்துத் தராசின் கண்ணாடி மேல் போட்டு, “ஏறு, ஏறு” என்றார், ஒன்றும் நடக்காதது மாதிரி. ஏறிய பிறகுதான் லேஞ்சியை எடுத்தார். கழித்துவிட்டு எழுபத்திநாலு என்று எழுதினார். அன்று பின்னேரமே அந்தப் பிளாஸ்டரை ஒட்டியிருக்க வேண்டும். இனி வேறு யார் நிறை பார்த்தாலும் முள்ளைப் பார்த்து என் முன்னால் கணக்குச் சொல்லிக் கதைக்கத் தேவையில்லை என்று நினைத்திருப்பார்.

மொத்தம் ஐந்நூற்று இருபத்துமூன்று. மூன்று கிலோ கூட. கூட்டிப் பார்த்த யாருக்கும் விடை உடனே தெரியும். பாரமான ஆளை எடுத்துவிட்டு மருந்துப் பகுதியில் இருக்கும் மெலிந்த பெண்ணைப் போட்டால் சரி. யாரும் அதைச் சொல்லவில்லை. எல்லோரும் காலடிச் சப்பாத்தைப் பார்த்தார்கள். அப்போது எனக்குள் ஏதோ ஒன்று அசைந்தது. எனக்கு அந்தக் கயிறு வேண்டும் என்று இருந்தது. நான்கைந்து மாதமாக எனக்குச் சோறு வேண்டியிருக்கவில்லை, நித்திரை வேண்டியிருக்கவில்லை, இவருடைய கை கூட வேண்டியிருக்கவில்லை. இப்போது முதுகில் ஒரு வடக் கயிறு வேண்டியிருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

ஆனால் அதில் ஒரு சிக்கல். அறுபத்திரண்டிலிருந்து எழுபத்திநாலு வரைக்கும் உள்ள பன்னிரண்டு கிலோவும் அவனோடு வந்தவை. தொட்டில் போய்விட்டது, உடுப்புகள் போய்விட்டன, படம் இல்லை. இந்த இடுப்பும் வயிறும்தான் அவன் இருந்ததற்கு மிச்சம். மெலியச் சொல்லி உம்மா சொன்னபோதெல்லாம் நான் பசியில்லாமலே இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டது அதனால்தான். அதை யாரிடமும் சொன்னதில்லை. குழுவில் நிற்பதென்றால் அதில் கொஞ்சத்தைக் கொடுக்க வேண்டும்.

வழி சொன்னவர் மிஸ்ஸிதான். பெருநாளைக்குப் பிறகு ஆறு நோன்பு பிடிப்பது வழக்கம். எல்லோரும் ஒன்றாகப் பிடித்தால் என்ன. “நன்மையும் கிடைக்கும், நிறையும் குறையும். இதவிட லேசான வழி இரிக்கா” என்றார். அக்காவும் கையை உயர்த்தினார். “நானும் பிடிக்கிறன். எனக்கு நன்மை வராட்டியும் நிறை குறையும்தானே” என்றார். ஆறு நாள் கழித்து மிஸ்ஸி மீண்டும் வரிசையாக நிறுத்தி நிறை பார்த்தார். ஐந்நூற்று இருபத்தேழு. தராசை ஒரு தட்டுத் தட்டினார். திரும்ப நிறை பார்த்தார். அதே கணக்கு.

நடந்தது இதுதான். எங்கள் ஊரில் நோன்பாளிக்கு நோன்பு திறக்கக் கொடுப்பது பெரிய நன்மை. பணிமனைப் பெண்கள் கூட்டாக ஆறு நோன்பு பிடிக்கிறார்களாம் என்று கதை பரவியதும் தெருவில் எல்லோருக்கும் அந்த நன்மை வேண்டியிருந்தது. அஞ்சு மணிக்கே கதவைத் தட்டுவார்கள். கஞ்சி, சமோசா, ரோல்ஸ், இறைச்சி பொரித்தது, வட்டிலப்பம். பக்கத்து வீட்டு ராத்தா அனுப்பியதைச் சாப்பிட்டு முன்வீட்டு மாமி அனுப்பியதைச் சாப்பிடாவிட்டால் மாமிக்கு மனம் நோகும். ஏழு பேரும் ஏறியிருந்தோம். நான் எழுபத்தைந்து. எட்டுப் பேரில் ஒரே ஒருவர்தான் குறைந்திருந்தார், அக்கா. வினாயகபுரத்தில் அவருக்கு யாரும் வட்டிலப்பம் அனுப்பவில்லை. “நோன்பு பிடிச்சது நான் மட்டுந்தான் போல” என்று அவர் சொன்னதும் அறையே சிரித்தது. மிஸ்ஸி மட்டும் சிரிக்கவில்லை. கேரம் தோற்ற முகத்தோடு அட்டைகளை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மூன்று கிழமை இருந்தது. மறுநாள் விடியற்காலை சுபஹ் தொழுகை முடிந்ததும் வாசலில் ஸ்கூட்டர் ஹோன் கேட்டது. இவர் எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, “மிஸ்ஸி வந்திரிக்கா. போ, போய் நட” என்றார். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் கடற்கரையால் சாய்ந்தமருதுப் பக்கம் போய்த் திரும்பினோம். கரைவலைக்காரர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். மிஸ்ஸி வேகமாக நடப்பார், மூச்சு வாங்கும், நின்று கடலைத் திட்டிவிட்டுத் திரும்ப நடப்பார். ஒருநாள் நான் நடப்பதை நிறுத்தி அந்தப் பன்னிரண்டு கிலோவின் கதையைச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. அவர் ஆறுதல் சொல்லவில்லை.

“எல்லாத்தையுங் குறைக்கத் தேவல்ல. எனக்கு நாலு தா. எட்டு உனக்கு இரிக்கட்டும்” என்றார்.

கடையில் பேரம் பேசுகிற குரல்தான். நான் சரி என்றேன். அந்த நாலு கிலோவும் ஆறு நோன்பில் ஏறிய ஒன்றும் மூன்று கிழமையில் போயின. போயும் நான் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை.

போட்டி அன்று அம்பாறைப் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானம் ஒன்றில் ஒரு வகுப்பறையைப் பூட்டி, பெண் அதிகாரி ஒருவர் நிறை பார்த்தார். நாங்கள் வளையல், சங்கிலி, சாவிக் கோர்வை, ஊசி எல்லாவற்றையும் கழற்றி மிஸ்ஸியின் மடியில் குவித்தோம். ஒருத்தியின் அபாயாவில் தைத்த கல்லே கால் கிலோ வரும்; அதுவும் கதிரைக்குப் போனது. ஐந்நூற்றுப் பத்தொன்பதரை. அவர்களுடைய தராசில் முள் பூச்சியத்தில் நின்றது. எனக்கு எழுபது.

முதலில் டீச்சர்மாரின் குழு ஒன்றை இரண்டு இழுவையில் வென்றோம். எனக்குள் ஒன்றும் அசையவில்லை. மற்றவர்கள் குதித்தார்கள், நான் கையில் மண் பூசினேன். அடுத்து எதிரே வந்தவர்கள் உள்நாட்டுப் பக்கத்துச் செயலகப் பெண்கள். வயலில் இறங்கிப் பழகிய கால்கள். மிஸ்ஸி கோட்டுக்கு வெளியே நின்று கண்ணாலேயே நிறை பார்த்தார். “மூணாவது ஆள் எண்பதுக்குக் குறையா. கவனம்” என்றார். முதல் இழுவையை விசில் அடித்த கையோடு தோற்றோம்.

இரண்டாவது இழுவையில் கயிறு அசையவில்லை. அவர்களும் இழுக்க, நாங்களும் இழுக்க, நடுவில் கட்டிய சிவப்புத் துணி அந்தரத்தில் நடுங்கிக்கொண்டு நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் குதிக்கால் மண்ணைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. முதுகில் கயிறு எரிந்தது. ஏழு பேரின் மூச்சும் அந்த எரிச்சலுக்குள்ளால் எனக்குத் தெரிந்தது. அக்காவின் தோள் விறைத்து, தளர்ந்து, திரும்ப விறைத்தது. அப்போது பக்கத்தில் அந்தக் குரல் கேட்டது. “மூச்ச எடு. புடி.” மிஸ்ஸி குனிந்து கோட்டோரமாக நடந்துகொண்டே சொன்னார். பழக்கத்தில் வந்ததுதான், முப்பது வருடமாக அவர் வாயில் கிடக்கும் சொல். பழகிய நாட்களில் ஒரு தடவையும் அவர் அதைச் சொன்னதில்லை, எனக்காக விழுங்கியிருக்கிறார். அன்று மறந்துபோனார். “இப்ப. முக்கு.”

என் உடம்புக்கு அந்தக் கட்டளை தெரியும். என்னிடம் கேளாமலே அது செய்தது. எழுபது கிலோவும் பின்னுக்குச் சாய்ந்தது. கயிறு ஒரு சாண் வந்தது. “இன்னுங் கொஞ்சம். இன்னுங் கொஞ்சம்.” இன்னொரு சாண். பிறகு மறுபக்கம் அறுந்ததுபோல் விட்டுக்கொடுத்தது, நாங்கள் எட்டுப் பேரும் ஒருத்தி மேல் ஒருத்தியாக மல்லாக்க விழுந்தோம். பிரசவ அறையில் அன்று கேட்காத சத்தம் இப்போது கேட்டது. யாரோ பெருங்குரலில் கத்துகிறார்கள் என்று நினைத்தேன். அது நான்தான். கத்தல் சிரிப்பானது, சிரிப்பு நிற்கவில்லை, அக்காவின் தலை என் வயிற்றின் மேல் கிடந்து அதுவும் குலுங்கியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேறு சொல் இல்லை. மிஸ்ஸி கோட்டுக்கு அந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார், தான் என்ன சொன்னோம் என்று அப்போதுதான் விளங்கியவராக. நான் படுத்தபடியே அவரைப் பார்த்துக் கையை ஆட்டினேன்.

மூன்றாவது இழுவையைத் தோற்றோம். நியாயமான தோல்விதான், ஆனால் மிஸ்ஸி அப்படிச் சொல்லவில்லை. மண் ஒருபக்கம் சரிவு என்றார், நடுவருக்குக் கண் தெரியாது என்றார், கொடுத்த மூன்றாமிடக் கிண்ணத்தை வேனின் ஆசனத்துக்குக் கீழே தள்ளிவிட்டார். வரும் வழியெல்லாம் நாங்கள் பாடிக்கொண்டு வந்தோம். வீட்டில் இவர் என் முதுகுக்கு எண்ணெய் போட்டார். நான் இழுவையைச் சொல்லச் சொல்ல அவருக்கும் சிரிப்பு. சிரித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று அழுதார். அத்தனை மாதமும் அவர் அழுததை நான் பார்த்ததில்லை. பார்க்கவில்லையா, அவர் காட்டவில்லையா என்று தெரியாது.

அந்தச் சந்தோஷம் தங்கிவிட்டது என்று எழுத ஆசைதான். தங்கவில்லை. இரண்டு மூன்று நாளில் விறைப்புத் திரும்ப வந்தது, பழைய அளவுக்கு இல்லாவிட்டாலும். முதுகில் கயிறு உரசிய தடம் ஒரு மாதம் இருந்து மறைந்தது. அந்தத் தடம் இருந்தவரைக்கும் சட்டை படும்போதெல்லாம் எரியும். அந்த எரிச்சல் எனக்குப் பிடித்திருந்தது. மிஸ்ஸி ஓய்வுபெற்றுப் போனார். குழுவும் சுற்றறிக்கையோடு சேர்ந்து கோப்புக்குள் போனது. போன வருடம் அவர் மௌத்தான செய்தி வேலை நேரத்தில் வந்தது. ஜனாஸா வீட்டில் பெண்கள் அழுதுகொண்டிருந்தார்கள். நான் ஒரு மூலையில் இருந்து, போர்த்தியிருந்த உடம்பைப் பார்த்து, நாற்பது கிலோ வராது என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

களஞ்சிய அறையில் அக்கா இலக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார். “இதுக்கு என்ன போடுறது, பாவனைக்கு உதவாது எண்டா?” என்று கேட்டார். ஒருக்கால் பார்ப்போம் என்று சொல்லி, தராசைச் சுவரோரமாக நேராக வைத்துத் தூசி துடைத்தேன். முள் இரண்டரையில்தான் நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். தேய்ந்த இடம் பாதத்துக்குக் குளிராக இருந்தது. முள் நடுங்கி நின்றது. அக்கா குனிந்து பார்த்தார். “அறுபத்தாறரை. ரெண்டரையக் கழிச்சா அறுபத்திநாலு. நல்லா மெலிஞ்சிட்டீங்க.”

“கழிக்க வேணாம் அக்கா” என்றேன்.

என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரிக் கேட்டது. கண்ணாடியும் முள்ளும் கலங்கித் தெரிந்தன. அக்கா நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார், பிறகு பிளாஸ்டரைப் பார்த்தார். அவருக்கு விளங்கியது. பேனையை மூடிவிட்டு, நான் இறங்கும் வரைக்கும் பக்கத்தில் நின்றார். நான் இறங்க நேரம் எடுத்தது.